கடல் கடந்து வந்த கராத்தே பள்ளியை நீலகிரியில் ஊன்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒகினாவாவிலோ ஜப்பானிலோ தலைமையிடம் கொண்ட ஒரு கராத்தே பள்ளியின் கிளையை நீலகிரியில் தொடங்க விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஹால் வாடகையைப் பற்றித்தான். அடுத்தது, பெல்ட்டும் சீருடையும் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பது. இரண்டும் தேவையான கேள்விகளே என்றாலும், அவற்றுக்கு முன்பு முடிக்க வேண்டிய வேலைகள் பல இருக்கின்றன. கோத்தகிரிப் பக்கம் பல ஆண்டுகளாக வகுப்பு நடத்திவருகிறவன் என்ற முறையில், அந்த வேலைகளைச் செய்ய வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன். கராத்தே தான் பிறந்த தீவிலிருந்து வெளியூர்களுக்குப் போய் வேரூன்றிய வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்த வரலாறே ஒரு செய்முறைக் குறிப்பு போல எனக்குத் தோன்றியது. எனவே ஒவ்வொரு படியிலும் அங்கே நடந்ததையும் இங்கே செய்ய வேண்டியதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் வழியைத் தாளில் எழுதுங்கள்

நாஹா, ஷுரி, தொமாரி ஆகிய மூன்று ஊர்களைச் சுற்றியே ஒகினாவாவின் பழைய கராத்தே வளர்ந்தது. ஷுரி வழியில் வந்த இதோசு ஆங்கோ அக்கலையைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுபோனவர். 1908ஆம் ஆண்டு அதன் பயன்களைப் பத்துக் குறிப்புகளாக எழுதிக் கல்வித் துறையினருக்குக் கடிதமாக அனுப்பியவரும் அவரே. பிள்ளைகளுக்காக அவர் அமைத்த ஐந்து பினான் கட்டாக்களையே (கட்டா என்பது வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அடவுத் தொடர்), அவருடைய மாணவரான ஃபுனகோஷி கிச்சின் பிற்பாடு ஹேயான் என்று பெயர் மாற்றினார். ஃபுனகோஷி வழியில் வந்த ஷோடோகான் பள்ளியின் மாணவர்கள் இன்றைக்கும் முதலில் கற்பது அவற்றைத்தான். நாஹா வழியோ வேறு. சீனாவின் ஃபூஜோ நகருக்குப் போய்க் கற்றுத் திரும்பிய ஹிகாவோன்னா கன்ரியோவிடமிருந்து மியாகி சோஜுனுக்கு வந்து, கோஜு ரியூ ஆனது (ரியூ என்றால் பள்ளி). ஷிடோ ரியூவைத் தொடங்கிய மபுனி கென்வா இதோசு, ஹிகாவோன்னா இருவரிடமும் கற்றவர் என்பதால், அந்தப் பள்ளியில் இரண்டு வழிகளின் கட்டாக்களும் உள்ளன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கையில் இருக்கும் கட்டாக்களே நீங்கள் எந்த வழியைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தாளை எடுத்து உங்கள் மாஸ்டர் யார், அவருக்கு மாஸ்டர் யார், ஒவ்வொரு டானையும் (கறுப்பு பெல்ட்டின் படிநிலை) யார் கொடுத்தார்கள், எந்த ஆண்டு என்று தொடங்கியவர் வரைக்கும் எழுதுங்கள். நடுவில் ஒரு கண்ணி தெரியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். கற்பனையால் நிரப்பினால் தலைமையிடத்துக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே அது வெளிப்பட்டுவிடும். ஒரே மாஸ்டரிடம் ஷோடோகான் கட்டாவும் கோஜு ரியூ மூச்சுப் பயிற்சியும் கலந்து கற்றவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. நானும் அப்படிக் கற்றவனே. அது தவறில்லை, ஆனால் அந்தக் கலவைக்கு ஒரு பழைய பள்ளியின் பெயரைச் சூட்டுவது தவறு. எந்த வழி என்று முடிவுசெய்து, அந்த வழியின் ஆசிரியர் ஒருவரிடம் வெள்ளை பெல்ட்டிலிருந்து மறுபடி தொடங்க எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

பெயரைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். 1930ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஒரு விழாவில் செய்துகாட்டுவதற்காக மியாகி தன் மூத்த மாணவரான ஷின்சாதோ ஜினானை அனுப்பினார். நிகழ்ச்சி முடிந்ததும் யாரோ ஒருவர், இது எந்தப் பள்ளி என்று கேட்டார். ஊரில் அப்படி ஒரு கேள்வியே எழுந்ததில்லை என்பதால் ஷின்சாதோவிடம் சரியான பதில் இல்லை. அவர் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் மியாகி, சீனத்திலிருந்து வந்த புபிஷி என்னும் பழைய ஏட்டின் ஒரு வரியிலிருந்து கடினமும் மென்மையும் என்ற பொருள் தரும் கோஜு என்ற சொல்லை எடுத்தார்; 1933இல் அந்தப் பெயரை ஜப்பானின் தற்காப்புக் கலைகளுக்கான தலைமை அமைப்பில் பதிவும் செய்தார். சொந்த ஊரில் ஆசிரியரின் முகமே அடையாளமாக இருந்துவிடுகிறது. வெளியூருக்குப் போன பிறகுதான் பெயர் தேவைப்படுகிறது. குன்னூர் மார்க்கெட்டில் ஒருவர் வழிமறித்து அதே கேள்வியைக் கேட்டால், இரண்டு வாக்கியத்தில் நீங்கள் பதில் சொல்லும்படி இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: இடத்துக்கு முன்னால் ஆட்கள்

இந்த வழிகாட்டியில் இந்தப் படியைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பலர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

உயேச்சி கன்புன் என்னும் ஒகினாவா விவசாயி 1897ஆம் ஆண்டு, தம் 20ஆம் வயதில், ஃபூஜோவுக்குக் கப்பலேறினார். 13 ஆண்டுகள் அங்கே இருந்து, ஷு ஷிவா என்ற ஆசிரியரிடம் கற்று, சீனாவிலேயே சொந்தமாகப் பயிற்சிக்கூடமும் நடத்தினார். அங்கே அவருடைய மாணவர் ஒருவர் நிலத்தகராறில் ஒருவரைக் கொன்றுவிட்டதாகவும், அந்தப் பழி ஆசிரியர்மீதும் விழுந்ததாகவும், அதனால் மனமுடைந்தே அவர் 1910இல் ஊர் திரும்பினார் என்றும் அந்தப் பள்ளியில் இன்றும் சொல்கிறார்கள். ஊரில் அவர் நெடுங்காலம் யாருக்கும் கற்பிக்கவில்லை. 1924இல் பிழைப்புத் தேடி ஜப்பானின் வகயாமாவுக்குப் பஞ்சாலைத் தொழிலாளியாகப் போனார். அதே ஆலையில் வேலை பார்த்த தொமோயோசே ரியூயூ என்ற ஒகினாவா இளைஞர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், தொழிலாளர் குடியிருப்பிலேயே கதவைச் சாத்திக்கொண்டு சிலருக்கு மட்டும் கற்பிக்கத் தொடங்கினார். வெளியாருக்காகப் பயிற்சிக்கூடம் திறந்தது 1932இல்தான். இன்று பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் உயேச்சி ரியூவின் தொடக்கம் ஓர் ஆலைக் குடியிருப்பின் அறை.

ஃபுனகோஷியின் தொடக்கமும் ஏறத்தாழ அப்படியே. 1922ஆம் ஆண்டு மே மாதம் ஒரு கண்காட்சியில் செய்துகாட்டுவதற்காகத் தோக்கியோ போன அந்த 53 வயதுப் பள்ளி ஆசிரியர் ஊர் திரும்பவில்லை. ஒகினாவா மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் ஒரு சிறிய அறை கிடைத்தது. பகலில் விடுதியைப் பெருக்கித் துடைத்து, தோட்ட வேலை பார்த்து, வாயிலையும் கவனித்துக்கொண்டு, விரிவுரைக் கூடம் காலியாக இருந்த நேரங்களில் கற்பித்தார். 1924இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே கழகம் அமைந்த பிறகுதான் அவருடைய வழி மாணவர்கள் மூலமாக விரியத் தொடங்கியது.

இரண்டு கதைகளிலும் ஆசிரியர் முதலில் தம்மைப் போலவே ஊர் விட்டு வந்தவர்கள் வாழும் இடத்தில் தங்கினார். வகுப்பு அந்தக் குடியிருப்பிலிருந்தே முளைத்தது. நீலகிரியில் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னர் டான்டீ நிறுவனமானது. அதன் தோட்டங்களில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இருக்கின்றன. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் வெலிங்டன் ராணுவ மையத்துக்கும் குடியிருப்புகள் உண்டு. படுகர்களின் ஊர்களான ஹட்டிகளில் பொது மைதானமும், ஊர்ப் பெரியவர்கள் சொன்னால் பிள்ளைகளை அனுப்பும் பழக்கமும் இருக்கின்றன. இவற்றில் உங்களுக்கு ஏற்கெனவே உறவோ வேலையோ உள்ள ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பத்துப் பேர் போதும். பிளக்ஸ் வைக்க வேண்டாம், நோட்டீஸ் அடிக்க வேண்டாம். பத்துப் பேரில் குறைந்தது மூவர் பெரியவர்களாகவும், இருவர் பெண்களாகவும் இருக்கட்டும். ஏனென்றால், பத்தும் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தால், பிளஸ் டூ முடித்துக் கோவைக்கோ திருப்பூருக்கோ அவர்கள் மலை இறங்கும் ஜூன் மாதத்தில் உங்கள் பள்ளியும் கூடவே இறங்கிவிடும். என் முதல் குழுவுக்கு நேர்ந்தது இதுதான். ஆறு பேர் ஒரே ஆண்டில் போனார்கள். மிச்சமிருந்தவர்களில், எஸ்டேட்டில் பீல்டு சூப்பர்வைசராக இருந்த ஓர் அண்ணனும் அங்கன்வாடியில் வேலை செய்த ஓர் அக்காவும்தான் அடுத்த பத்துப் பேரைக் கூட்டிவந்தார்கள்.

மூன்றாம் படி: தாய்ப் பள்ளியோடு உறவு

பத்துப் பேர் ஆறு மாதம் தொடர்ந்து வந்த பிறகு தலைமையிடத்துக்கு எழுதுங்கள். முதல் படியில் எழுதிய தாளையும், நீங்கள் இரண்டு கட்டா செய்யும் காணொளியையும் இணையுங்கள். காணொளியில் பின்னணி இசை வேண்டாம். பக்கவாட்டிலிருந்தும் எதிரிலிருந்தும் எடுத்தால் போதும்.

பதில் வந்தவுடன் பணம் அனுப்பிவிடாமல் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆண்டுச் சந்தா எவ்வளவு, அது ஆளுக்கா கிளைக்கா. எந்த நிறம் வரைக்கும் நீங்களே பெல்ட் டெஸ்ட் நடத்தலாம். டான் தேர்வுக்கு ஆசிரியர் இங்கே வருவாரா, மாணவர் அங்கே போக வேண்டுமா. இந்தியாவில் ஏற்கெனவே பிரதிநிதி இருந்தால் நீங்கள் அவருக்குக் கீழா, நேரடியாகத் தலைமையிடத்தின் கீழா. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் பின்னால் வரும் சண்டைக்கு அளவிருக்காது.

வெளிநாட்டு அமைப்பு ஒன்றின் பெயரைச் சொன்ன ஒருவரிடம் நான் ஒருமுறை இரண்டு ஆண்டுச் சந்தா கட்டினேன். பளபளப்பான சான்றிதழ் வந்தது. பிற்பாடு அந்த அமைப்பின் தலைமையிடத்துக்கு நானே எழுதிக் கேட்டபோது, என் பெயர் அவர்களுடைய பதிவேட்டில் இல்லை என்றார்கள். சான்றிதழின் பின்புறத்தில் என் மகள் கணக்குப் போட்டுப் பார்த்ததுதான் அதனால் கண்ட பயன். ஆகவே சான்றிதழ் கைக்கு வந்ததும், அதன் எண்ணைத் தலைமையிடத்தின் பதிவேட்டோடு நேரடியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: பதிவு

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி சங்கம் அமைக்கக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். முதல் பத்துப் பேரில் பெரியவர்கள் இருக்கட்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கணக்கைத் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். மாணவர் கட்டணமும் உங்கள் வீட்டுச் செலவும் ஒரே கணக்கில் ஓடக் கூடாது. வெளிநாட்டுத் தலைமையிடம் நன்கொடையாகப் பணம் தர முன்வந்தால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அனுமதி பெறாமல் அதை வாங்க முடியாது. ஒரு நல்ல ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இந்தப் படி முடிந்துவிடும்.

பெற்றோர் கையெழுத்திட்ட சேர்க்கைப் படிவம், ரத்த வகை, ஆஸ்துமா உண்டா என்ற விவரம் ஆகியவற்றை முதல் நாளிலேயே வாங்குங்கள். பிள்ளைகளைத் தொட்டுத் திருத்த வேண்டிய கலை இது என்பதால், வகுப்பு நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். பெரியவர் இருவராவது எப்போதும் இருக்க வேண்டும். பெண்பிள்ளைகள் வகுப்பில் ஒரு பெண் பயிற்றுநரோ மூத்த மாணவியோ இருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்பதை எல்லாப் பயிற்றுநர்களையும் உட்காரவைத்து விளக்கிவிட்டே வகுப்பைத் தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: ஹால், தரை, நேரம்

இப்போது ஹாலுக்கு வரலாம். சமவெளிக்காரர்கள் எழுதிய குறிப்புகள் இங்கே உதவாது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; டிசம்பர், ஜனவரியில் புல்மீது உறைபனி படியும். அந்தக் காலையில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றால் பத்து நிமிடத்தில் பாதம் மரத்துவிடும். மரத்த பாதத்தோடு திரும்பி உதைக்கும்போதுதான் கணுக்கால் பிசகுகிறது. பலகைத் தரையுள்ள பழைய கட்டடம் கிடைத்தால் வாடகை சற்றுக் கூடினாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஃபோம் மேட் வாங்குங்கள். ஆனால் சிமெண்டின்மீது நேரடியாக விரிக்காமல், அடியில் தார்ப்பாய் போட்டு விரியுங்கள். தென்மேற்குப் பருவமழையில் தரையிலிருந்து ஊறும் ஈரம் மேட்டின் அடியில் பூஞ்சணமாகப் படர்ந்து, மூன்றே மாதத்தில் ஹால் முழுவதும் புளித்த வாடை அடிக்கும். வாரம் ஒருமுறை மேட்டைக் கழற்றிச் சுவரோரம் நிறுத்திவையுங்கள். போட்டிக்கான ஆடுகளம் எட்டு மீட்டர் சதுரம். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அவ்வளவு இடம் தேவையே இல்லை.

சீருடையும் ஒரு பிரச்சினைதான். கனமான கான்வாஸ் துணி ஜூலை மாதத்தில் ஐந்து நாளானாலும் காயாது. விறகு அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்துக் கொண்டுவரும் பிள்ளைகளின் உடையில் புகை வாடை வீசும். அதற்காக யாரையும் கண்டிக்காதீர்கள். மழை மாதங்களில் மெல்லிய துணிக்கும் உள்ளே ஸ்வெட்டர் போடுவதற்கும் அனுமதி கொடுங்கள்.

நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். கடைசி பஸ்ஸையும் காட்டு விலங்குகளையும் பார்த்து முடிவுசெய்யுங்கள். மாலை வகுப்பு ஐந்தரைக்குள் முடிய வேண்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் இருட்டிய பிறகு தேயிலைக் காட்டு வழியில் கரடியோ காட்டெருமையோ எதிர்ப்படுவது வழக்கமான செய்தி. கராத்தே கற்ற பிள்ளை கரடியைச் சமாளிப்பானா என்று ஒரு தாத்தா என்னிடம் சிரிக்காமலே கேட்டார். ஓடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் ஐயா என்றேன். அன்றிலிருந்து பேரனை அழைத்துப்போக அவரே டார்ச்சோடு வருகிறார்.

கருவிகளுக்குச் செலவு செய்ய வேண்டாம். ஒகினாவாக் கருவிகளே வீட்டுப் பொருள்களிலிருந்து பிறந்தவை. பழைய பெயின்ட் டப்பாவில் சிமெண்டு கலவையை ஊற்றி நடுவில் கைப்பிடிக் கட்டையைச் செருகினால் சிஇஷி என்னும் எடைக் கருவி தயார். விரல்பிடிக்கான ஜாடிக்கு, விளிம்பு தடித்த ஊறுகாய் ஜாடி பொருந்தும். மணலை மாதத்துக்கு ஒரு கையளவு கூட்டினால் போதும். குத்துப் பலகையான மகிவாராவுக்கு மட்டும் மரம் பார்த்து வாங்க வேண்டும். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) காய்ந்தால் வெடிக்கும். தோட்டத்துச் சில்வர் ஓக்கை வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்தே இருக்கிறது, சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டியிருக்கும். மர டிப்போவில் நன்கு காய்ந்த பலகையை வாங்கி, அடியில் தடிமனாகவும் உச்சியில் மெல்லியதாகவும் இழைத்து, மூன்றில் ஒரு பங்கை மண்ணில் புதைத்து, புதையும் பகுதிக்குத் தார் பூசுங்கள்.

ஆறாம் படி: எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

வெளியூருக்குப் போன ஒவ்வொரு பள்ளியும் எதையாவது மாற்றியிருக்கிறது. ஃபுனகோஷி கட்டாக்களின் பெயர்களை ஜப்பானியர் வாயில் நுழையும்படி மாற்றினார். கராத்தே என்ற சொல்லிலேயே சீனக் கை என்ற எழுத்து வெறுங்கை என்ற எழுத்தாக மாறியது. 1936ஆம் ஆண்டு நாஹாவில் கூடிய ஒகினாவா ஆசிரியர்களும் அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டார்கள். பெயரும் எழுத்தும் மாறலாம் என்பதற்கு இவை சான்று. அடவுகளின் வரிசை, நிற்கும் நிலை, மூச்சு ஆகியவற்றைத் தாய்ப் பள்ளி சொல்லாமல் நீங்கள் மாற்றக் கூடாது.

எண்ணுவதை ஜப்பானிய மொழியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளி ஆசிரியர் வரும்போது மாணவர்கள் விழிக்க மாட்டார்கள். விளக்கத்தை முழுவதும் தமிழில் சொல்லுங்கள். முன்னங்கால் முட்டியை மடக்கி எடையை முன்னால் கொடு என்று சொன்னால் புரிவது, ஜென்குட்சுதாச்சி என்று பத்து முறை கத்தினாலும் புரியாது. சிலம்பமோ குத்துவரிசையோ ஆடிய குடும்பத்துப் பிள்ளைகள் வந்தால் அவர்களுடைய கால்வைப்பைக் குறை சொல்லாதீர்கள்; இங்கே நிற்கும் நிலை வேறு என்று மட்டும் காட்டுங்கள். அவர்கள் தூரத்தைக் கணிப்பதில் மற்றவர்களைவிட முந்துவார்கள்.

முதல் ஆறு மாதம் என் வகுப்பில் ஒரே ஒரு கட்டாதான்: சாஞ்சின். உயேச்சி தம் வாழ்நாள் முழுவதும் கற்பித்தவையே சாஞ்சின், செய்சான், சான்செய்ரியூ என்ற மூன்று கட்டாக்கள்தான். சாஞ்சினில் இரு பாதங்களும் தோள் அகலத்தில் நிற்க, முன்பாதத்தின் குதிகாலும் பின்பாதத்தின் பெருவிரலும் ஒரே கோட்டில் வர வேண்டும்; விரல்கள் சற்றே உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். நேராக மூன்று எட்டு முன்னேறி, ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு குத்தும் ஒரு மூச்சுமாகச் செய்வதுதான் தொடக்கம். மலையில் இதைக் கற்பிப்பதற்கு ஒரு வசதி உண்டு. மார்கழிக் காலையில் மாணவன் விடும் மூச்சு கண்ணுக்குத் தெரிகிறது. அடிவயிற்றிலிருந்து சீராக வருகிற மூச்சு வாய்க்கு முன்னால் நீளமான ஒரே இழையாகப் போகும். தோளை உயர்த்தி நெஞ்சிலிருந்து விட்டால் உருண்டையாகக் கொத்துக் கொத்தாகச் சிதறும். குத்தும் நேரத்தில் மூச்சை அடக்கினால் ஒன்றுமே தெரியாது. சமவெளி ஆசிரியர் காதால் கேட்டும் கையால் தொட்டும் கண்டுபிடிக்க வேண்டியதை, இங்கே நாம் நான்கடி தள்ளி நின்று பார்த்தே சொல்லிவிடலாம். என் மாணவர்கள் ஒருவருக்கொருவர் எதிரே நின்று இதைத் தாங்களே திருத்திக்கொள்கிறார்கள்.

ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழக் கால் பங்கு குறைவு. ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பழகிய காற்று. கோவையிலிருந்து ஒரு நாள் வகுப்புக்கு வருகிறவர்களை முதல் அரை மணி நேரம் குமித்தேயில், அதாவது இருவர் மோதும் பயிற்சியில், இறக்காதீர்கள்.

ஏழாம் படி: பெல்ட்டும் போட்டியும்

"மாஸ்டர், பையன் எப்போ பிளாக் பெல்ட் வாங்குவான்?" என்ற கேள்வி மூன்றாம் மாதத்தில் வந்துவிடும். நிறப் பட்டையும் டானும் கராத்தேவோடு பிறந்தவை அல்ல. ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோவின் முறையிலிருந்து வந்தவை. ஃபுனகோஷி தம் மாணவர்களுக்கு முதன்முதலில் டான் வழங்கியது 1924ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில். மியாகியோ தம் மாணவர் எவருக்கும் டான் வழங்கியதில்லை. இதைப் பெற்றோரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு நிறம் வேண்டும் என்பவர்களை அன்போடு அனுப்பிவிடுங்கள். பெல்ட் டெஸ்ட் கட்டணத்தை வைத்துத்தான் ஹால் வாடகை கட்டுவது என்று ஆகிவிட்டால், தோற்க வேண்டிய பிள்ளையைத் தேர்ச்சி பெறவைக்கும் நிலைக்கு ஆசிரியர் இறங்கிவிடுவார். வாடகையை மாதக் கட்டணத்திலிருந்து மட்டும் கட்டுங்கள். மாதக் கட்டணத்தையும் தோட்டத்துச் சம்பள நாளுக்குப் பிறகு வாங்குங்கள். பச்சைத் தேயிலை விலை விழுந்திருக்கும் மாதங்களில் சிறு விவசாயி வீட்டுப் பிள்ளையிடம் கட்டணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். விலை ஏறியதும் கேட்காமலே கொண்டுவந்து தருவார்கள்.

ஒலிம்பிக் பற்றியும் கேட்பார்கள். தோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், கராத்தே இடம்பெற்றது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியில் 1994இலிருந்து இருந்துவருகிறது. இதற்கு மேல் யாருக்கும் வாக்குறுதி கொடுக்க வேண்டாம்.

எட்டாம் படி: தாய்ப் பள்ளியின் ஆசிரியரை அழைப்பது

மூன்றாம் ஆண்டில் ஒரு முறையாவது தலைமையிடத்து ஆசிரியர் இங்கே வந்து பார்ப்பது நல்லது. எந்த விசாவில் வர வேண்டும் என்று இந்தியத் தூதரகத்திடம் அவரையே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். சுற்றுலா விசாவில் வந்து கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிப்பது சிக்கலில் முடியும். அவரை உங்கள் வீட்டில் தங்கவைத்தால் வெளிநாட்டவர் தங்கியிருப்பதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை 24 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டிய பொறுப்பு உங்களுடையது. 2024 மே மாதத்திலிருந்து வெளி மாவட்ட வண்டிகள் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும் என்பதால், கோவை விமான நிலையத்திலிருந்து அழைத்துவரும் வாடகை வண்டிக்கு முன்னாலேயே எடுத்துவையுங்கள். ஏப்ரல், மே சீசனில் அழைக்காதீர்கள். அறை கிடைக்காது, பர்லியாறு தாண்டியதும் வண்டி நகராது, டிரைவர்களாகவும் கைடுகளாகவும் வேலை செய்யும் உங்கள் பெரிய மாணவர்கள் வகுப்புக்கே வர மாட்டார்கள். பிப்ரவரி சரியான மாதம். வந்த முதல் நாள் அவரை ஓய்வெடுக்க விடுங்கள்.

ஒன்பதாம் படி: கிளை விடுதல்

ஷோடோகான் வழியின் ஜப்பான் கராத்தே சங்கம் 1949இல் தொடங்கப்பட்டது. 1956இல் பயிற்றுநர்களுக்கென்றே ஒரு தனிப் பயிற்சியைத் தொடங்கியது. அதன் பிறகே ஆட்களை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. 1961இல் நிஷியாமா ஹிதேத்தாகா லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஒகசாகி தேருயுகி பிலடெல்பியாவுக்கும் போனார்கள். 1965இல் கசே, கனசாவா, எனோயெதா, ஷிராய் ஆகிய நால்வர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சுற்றி வந்து செய்துகாட்டினார்கள்; பிற்பாடு எனோயெதா இங்கிலாந்திலும், ஷிராய் இத்தாலியிலும், கசே பிரான்சிலும் தங்கிவிட்டார்கள். சுற்றிக் காட்டியது சில மாதம். தங்கிக் கற்பித்தது பல பத்தாண்டுகள். ஷோடோகான் அந்த நாடுகளில் நிலைத்ததற்கு இரண்டாவதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

கூடலூரிலிருந்தும் மஞ்சூரிலிருந்தும் கிளை கேட்டு வந்தால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஊரிலேயே வாழ்கிற, உங்களிடம் ஐந்து ஆண்டாவது கற்ற ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லை என்றால் கிளையும் இல்லை. வாரம் ஒரு நாள் நீங்களே பஸ் ஏறிப் போய் நடத்தும் வகுப்பு, நீலகிரி மழையில் மண் சரிந்து சாலை மூடும் முதல் வாரத்திலேயே நின்றுவிடும். இருக்கிறார் என்றால், ஓராண்டு உங்கள் வகுப்பில் தொடக்க மாணவர்களை அவரே நடத்தட்டும்; நீங்கள் பின்வரிசையில் மாணவராக நில்லுங்கள். அவர் ஒரு தவற்றை எப்படித் திருத்துகிறார் என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.

பிரிவினைக்கும் முன்கூட்டியே ஆயத்தமாக இருங்கள். மியாகி 1953இல் யாரையும் வெளிப்படையாக வாரிசாக அறிவிக்காமல் மறைந்தார். அவருடைய மூத்த மாணவர்கள் தனித்தனிப் பயிற்சிக்கூடங்களாகவே கோஜு ரியூவைத் தொடர்ந்தார்கள். ஜப்பான் கராத்தே சங்கமோ, 1987இல் அதன் தலைமைப் பயிற்றுநர் நகயாமா மசதோஷி மறைந்த பிறகு இரண்டாகப் பிளந்து நீதிமன்றம் வரைக்கும் போனது. பெரிய சங்கத்துக்கே இந்த நிலை என்றால், எஸ்டேட் ஊரில் நடக்கும் நம் வகுப்பு எம்மாத்திரம். நீங்கள் இல்லாதபோது தலைமையிடத்துடன் கடிதத் தொடர்பு வைத்திருப்பவர் யார், வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் இரண்டாவது ஆள் யார், மேட்டும் கருவிகளும் யாருடைய சொத்து என்பவற்றைச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். ஹாலின் சாவி இரண்டு இருக்கட்டும். எங்கள் ஹாலின் இரண்டாவது சாவி அந்த அங்கன்வாடி அக்காவிடம் இருக்கிறது. காலை ஆறு மணி வகுப்புக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அவர் கதவைத் திறந்து, மேட்டை விரித்து, பிள்ளைகளைச் சாஞ்சினில் நிறுத்தியிருப்பார்.